பின் குத்து நடுவில் விழவில்லையா? .32 பிஸ்டலைச் சோதிக்கும் சாமான்கள்: ஒரு மதிப்பீடு

சுட்ட கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூடு) அடிப்பக்கத்தைப் பார்த்து, ப்ரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) விழுந்த பள்ளம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், அதைக் குத்தும் ஊசியைச் சொல்லி “பின் போச்சு, மாத்தணும்” என்று உடனே முடிவு கட்டிவிடுவது டெல்டாவில் உரிமத்துடன் பிஸ்டல் வைத்திருப்பவர்களிடம் சகஜம். ரைஸ்மில்காரர்கள், நகைக்கடைக்காரர்கள், தாத்தா காலத்துத் துப்பாக்கியைப் பெயர் மாற்றி வாங்கிய மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது பொருந்தும். பின் மாற்றிய பிறகும் பள்ளம் அதே இடத்தில் விழும். செலவும் போய், அசல் பாகமும் போய்விடும்.

காரணம் எளிது. பின், ஸ்லைடுக்குள் (முன்னும் பின்னும் நகரும் மேல் பகுதி) ஒரு துளையில் நேராக ஓடுகிறது. துளை அகலாமல், நுனி வளையாமல், உடையாமல் இருந்தால் அது இடம் மாற வழியே இல்லை. தோட்டா இருப்பது பேரலின் (குழலின்) பின்முனைக் குழியான சேம்பரில். ஆக, பின் ஸ்லைடோடு போகிறது, தோட்டா பேரலோடு நிற்கிறது. பள்ளம் நடுத் தவறினால் ஸ்லைடு நகர்ந்திருக்கலாம், பேரல் நகர்ந்திருக்கலாம், சேம்பருக்குள் கேஸ் ஒதுங்கியிருக்கலாம், இல்லை தோட்டாவின் ப்ரைமர்க் குழியே கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம். இவை நான்கையும் கழித்த பிறகுதான் பின் மேல் சந்தேகம் வர வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எந்தச் சாமான் உதவுகிறது, எதற்குக் கொடுக்கும் காசு வீண் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலானவை 9 மில்லி பிஸ்டலைப் பற்றியவை. அவற்றில் ஒவ்வொரு சூட்டுக்கும் பேரலின் பின்பகுதி கீழே இறங்கி ஏறும். 9 மில்லி இந்தியாவில் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். நம் பக்கம் உரிமத்தில் இருப்பது பெரும்பாலும் .32 ஏசிபி. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் 1899-ஐ ஒட்டிக் கொண்டுவந்த தோட்டா இது. இதைச் சுடும் கோல்ட் 1903, எஃப்என் 1910, 1929-இல் வந்த வால்தர் பிபி எல்லாமே ப்ளோபேக் வகை. இவற்றில் சூட்டின்போது பேரல் இறங்குவதில்லை, ஸ்லைடு மட்டும் நேராகப் பின்னால் போய் வரும். எனவே அந்த வீடியோக்கள் சொல்லும் “பேரல் லிங்க் குட்டை”, “லாக் சரியாக ஏறவில்லை” போன்ற காரணங்கள் இங்கே செல்லுபடியாகாது. வால்தர் பிபியில் பேரல் ஃபிரேமோடு (கைப்பிடியுள்ள அடிச்சட்டம்) நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது, அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கிட்டத்தட்ட எடுத்துவிடலாம். கோல்ட் 1903, எஃப்என் 1910 இரண்டிலும் பேரலைத் திருப்பிக் கழற்ற முடியும். பேரலின் அடியில் இருக்கும் வரிகள் ஃபிரேமின் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். அந்த வரிகள் தேய்ந்தால் பேரல் ஆடும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றுங்கள், ஸ்லைடை இழுத்துப் பிடித்துச் சேம்பருக்குள் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள், தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். மேகசினைக் கழற்றுவதற்கு முன் ஸ்லைடை இழுத்தால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும், அதனால் இந்த வரிசை மாறக் கூடாது. டம்மி தோட்டா போட்டுச் சோதிக்கும்போது ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

நகைக்கடை லூப்

வாங்க வேண்டியவற்றில் முதலிடம் இதற்குத்தான். 10 மடங்கு பெரிதாக்கும் ட்ரிப்லெட் லூப். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் நகைப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்தது என்பதால் ஓரத்தில் நிறம் பிரியாது, வட்டம் முட்டையாகத் தெரியாது. நாம் பார்க்கப் போவதே ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் எங்கே இருக்கிறது என்பதைத்தான், ஓரம் வளைத்துக் காட்டும் கண்ணாடி இந்த வேலைக்குப் பகை. “30 மடங்கு, 60 மடங்கு” என்று அச்சடித்து எல்இடி விளக்கோடு விற்கும் மலிவு லூப்கள் அந்த அளவுக்குப் பெரிதாக்குவதும் இல்லை, ஓரமும் தெளிவாக இருப்பதில்லை. அவற்றைத் தவிர்க்கலாம். 10 மடங்கு லூப்பை கேஸிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர் தூரத்தில், கண்ணுக்கு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வாசல் திண்ணையின் பகல் வெளிச்சமே போதும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேர் மேலிருந்து விழுந்தால் பள்ளத்தின் விளிம்பு தெரியாது.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் திசை. கேஸின் விளிம்பில், அதைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்த கீறல் இருக்கும். இந்த பிஸ்டல்களில் எக்ஸ்ட்ராக்டர் வலப்பக்கம். சுடுபவர் பார்வையும் கேஸின் அடியைப் பார்க்கும் பார்வையும் ஒன்றே என்பதால், அந்தக் கீறலைக் கடிகாரத்தின் மூன்று மணி என்று வைத்துக்கொண்டு பள்ளம் எத்தனை மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். தோட்டா ஏறும்போது சுழன்றாலும் கவலை இல்லை, கீறல் சூடு நடந்தபோது இருந்த நிலையைக் காட்டுகிறது. கீறல் மங்கலாக இருந்தால், கேஸை வெளியே எறியும் எஜெக்டர் இடித்த தழும்பையும் சேர்த்துப் பாருங்கள், அது எதிர்ப்பக்கத்தில், இடப்புறமாக இருக்கும்.

ஒரே பெட்டியிலிருந்து சுட்ட 10 கேஸ்களையாவது வரிசையாக வைத்து இப்படிக் குறியுங்கள். பத்தும் ஒரே திசையில் ஒதுங்கியிருந்தால் கோளாறு துப்பாக்கியில். ஒன்று இரண்டு மணியில், அடுத்தது எட்டு மணியில், இன்னொன்று நடுவில் என்று சிதறினால் தோட்டாவைப் பாருங்கள். ப்ரைமர் வட்டமே கேஸின் நடுவில் இல்லாமல் இருக்கலாம், லூப்பில் அதுவும் தெரியும். வேறு லாட் எண்ணுள்ள தோட்டாவில் சிதறல் மறைந்தால் விஷயம் முடிந்தது, துப்பாக்கியைத் தொட வேண்டியதில்லை. இந்த ஒரே பரிசோதனை பாதிப் பேரின் கவலையைத் தீர்த்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேஸ் சேகரிக்கத் தென்னந்தோப்பில் போய்ச் சுடாதீர்கள். ரேஞ்சில், அனுமதியோடு, அல்லது உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் வழியாகத்தான். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டாலோ கொண்டாட்டத்துக்காகச் சுட்டாலோ 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுட்ட கேஸ்களை எறியாமல், எண்ணிக்கை எழுதி வைத்திருங்கள்.

அடுத்தது பள்ளத்தின் வடிவம். நல்ல பின் விட்ட பள்ளம் அரைக்கோளமாக, வழவழப்பாக இருக்கும். அடியில் பிறை போல ஒரு மேடு தெரிந்தால் நுனி உடைந்திருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி வரப்பு கட்டியதுபோல் உலோகம் எழும்பியிருந்தால், பின் வரும் துளை நுனியைவிட அகலமாகி, ப்ரைமர் அந்த இடைவெளிக்குள் பிதுங்கியிருக்கிறது. வரப்பு ஒரு பக்கம் மட்டும் தடிப்பாக இருந்தால் துளை அந்தப் பக்கம் முட்டையாகத் தேய்ந்திருக்கிறது. நடுத் தவறிய பள்ளமும் ஒரு பக்கத் தடிப்பும் ஒரே திசையில் சேர்ந்து வந்தால், அப்போதுதான் பின் மற்றும் துளை மேல் நியாயமான சந்தேகம் எழுகிறது. பள்ளத்திலிருந்து வால் போல ஒரு கீறல் நீண்டிருந்தால், கேஸ் வெளியேறத் தொடங்கிய பிறகும் பின் உள்ளே போகவில்லை என்று பொருள். பேரல் இறங்கும் 9 மில்லியில் லேசான வால் சாதாரணம். ப்ளோபேக் .32-இல் அதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு அல்லது பின்னைத் திரும்ப இழுக்கும் ஸ்ப்ரிங்கின் தளர்ச்சி. ஒரு விதிவிலக்கு உண்டு: சில சிறு ஸ்ட்ரைக்கர் வகைப் (சுத்தியல் இல்லாமல் ஸ்ப்ரிங்கே பின்னை முன்னே தள்ளும் வகை) பிஸ்டல்களில் பின்னே எஜெக்டர் வேலையும் பார்க்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அவற்றில் கேஸை எறியும்போது கீறல் விழுவது இயல்பு. உங்கள் மாடல் அந்த வகையா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டம்மி தோட்டா

ஏ-ஸூம் அலுமினிய டம்மி தோட்டா, .32 அளவு, 5 கொண்ட பாக்கெட். முழு அலுமினியக் கட்டியில் கடைந்து, மேலே கடினமான ஆனோடைஸ் பூச்சு கொடுத்தது. ப்ரைமர் இருக்க வேண்டிய இடத்தில் பின்னின் அடியை வாங்கும் மெத்தை. அளவு உண்மையான தோட்டாவைப் போலவே இருப்பதால் மேகசினிலிருந்து ஏறுவது, எக்ஸ்ட்ராக்டர் பிடிப்பது எல்லாம் நிஜம் போலவே நடக்கும். ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் வகை மலிவு, ஆனால் எக்ஸ்ட்ராக்டர் திரும்பத் திரும்பப் பிடிக்கும் விளிம்பு பிய்ந்துவிடும். .32 ஏசிபி அரை விளிம்புத் தோட்டா, அந்த விளிம்பே சேம்பர் வாயில் உட்கார்ந்து தோட்டாவை நிறுத்துகிறது. விளிம்பு பிய்ந்த டம்மியை வைத்து எதையும் சோதிக்க முடியாது. அலுமினியத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு தகும். உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலேயே வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

டம்மியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். மெத்தை கறுப்பாக, நெகிழ்வாக இருப்பதால் பின் பட்ட இடம் தானாகத் தெரியாது. அதன் மேல் வெள்ளி நிற மார்க்கரைத் தடவி, நன்றாகக் காயவிட்டு, ஒரே ஒரு முறை ட்ரிகரை இழுத்து, ஸ்லைடை மெதுவாக இழுத்து எடுத்துப் பாருங்கள். மை சிதைந்த புள்ளி தெரியும். இரண்டாம் முறை இழுத்தால் புள்ளி குழம்பிவிடும், துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். துல்லியமான அளவை இதிலிருந்து எடுக்க முடியாது. ஒப்பிட மட்டுமே உதவும். ஆனால் அந்த ஒப்பீடு மிகப் பெரிய உதவி.

மூன்று நிலையில் சோதியுங்கள். முதலில் ஸ்லைடைத் தொடாமல் ஒரு குத்து. இரண்டாவது, ஸ்லைடின் பின்பகுதியை விரலால் இடப்பக்கம் அழுத்திப் பிடித்து ஒரு குத்து. மூன்றாவது, வலப்பக்கம் அழுத்தி ஒன்று. பேரலும் குழல் வாயும் எப்போதும் பாதுகாப்பான திசையில், கனமான சுவரைப் பார்த்து. மூன்று புள்ளிகளும் ஒரே இடத்தில் விழுந்தால் ஸ்லைடு தண்டவாளத்தில் ஆட்டம் இல்லை. அழுத்திய பக்கமெல்லாம் புள்ளி நகர்ந்தால் ஸ்லைடும் ஃபிரேமும் தேய்ந்த இடைவெளிதான் காரணம். பேரலின் ஆட்டத்தைக் கையால் அசைத்தும் பார்க்கலாம், அது கோல்ட் 1903, எஃப்என் 1910 வகைகளுக்கு. பேரல் முகப்பைப் பிடித்துச் சுழற்றும் திசையில் லேசாக அசைத்துப் பாருங்கள், விரலுக்கு ஆட்டம் தட்டுப்படும். இதைச் செய்யும்போது சேம்பர் வெறுமையாக இருக்க வேண்டும், டம்மிகூட வேண்டாம்.

டம்மிக் குத்தையும் சுட்ட கேஸையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. டம்மியிலும் அதே திசையில் ஒதுக்கம் தெரிந்தால் பாகங்களின் நேர்க்கோடு தவறியிருக்கிறது. டம்மியில் நடுவாக விழுந்து, சுட்ட கேஸில் மட்டும் வாலோடு ஒதுங்கினால், வெடித்த பிறகு நடக்கும் அசைவில் கோளாறு: பின் திரும்பாமல் நிற்கிறது, அல்லது ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்ப்ரிங் தளர்ந்து ஸ்லைடு வேகமாகப் பின்வாங்குகிறது. முதல் வகைக்கு மெக்கானிக் வேண்டும். இரண்டாம் வகை பல சமயம் கழுவினாலே சரியாகும், இல்லையென்றால் ஒரு ஸ்ப்ரிங் செலவு.

விளையாட்டுக்கு .22 பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தத் தோட்டாவில் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது, குத்து விளிம்பில்தான் விழ வேண்டும், இங்கே சொல்லும் நடுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஏ-ஸூம் .22 டம்மியும் தோட்டா ஏறி இறங்குவதைப் பார்ப்பதற்காகச் செய்தது, திரும்பத் திரும்ப வெற்றுச் சூடு விடுவதற்கல்ல. அப்படி விட்டால் பின் சேம்பர் விளிம்பையே குத்திக் குழி போட்டுவிடும்.

வெர்னியர்

மிட்டுடோயோ 150 மில்லி டிஜிட்டல் வெர்னியர் பட்டறைக்காரர்களுக்குப் பரிச்சயம். 0.01 மில்லி வரை காட்டும், எஸ்ஆர்44 செல் போட்டால் நீண்ட நாள் வரும். மலிவு ரகங்களில் பல, அணைத்து வைத்தாலும் செல்லைத் தின்றுகொண்டே இருக்கும், தேவைப்படும் நாளில் திரை வெறுமையாக இருக்கும். இருந்தாலும் ஒரு பிஸ்டலுக்காக மட்டும் மிட்டுடோயோ வாங்கச் சொல்ல மாட்டேன். இரும்பில் செய்த எந்த நல்ல வெர்னியரும், தாடைகளை மூடினால் பூச்சியம் காட்டி, ஒரே கேஸை ஐந்து முறை அளந்தால் 0.02-க்குள் ஒரே எண்ணைச் சொன்னால் போதும். பிளாஸ்டிக் உடம்பு வேண்டாம், அழுத்தினால் வளைகிறது. திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் கருவி விற்கும் கடைகளில் கையில் வாங்கி இந்தச் சோதனையைச் செய்து பார்த்தே எடுங்கள்.

ப்ரைமரின் பள்ளத்தை வெர்னியர் தாடையால் நேரடியாக அளக்க முயலாதீர்கள், நுனி அங்கே உட்காராது. லூப்பைப் போன் கேமராவுக்கு முன் பிடித்துப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி அளவுகோலால் அளப்பதுதான் சுலபம். .32 தோட்டாவில் சிறிய பிஸ்டல் ப்ரைமர் இருந்தால் அதன் விட்டம் சுமார் 4.45 மில்லி, அதையே அளவு மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் ஒரு விளிம்பிலிருந்து ப்ரைமர் விளிம்பு வரை ஒரு பக்கம் 1.10, எதிர்ப்பக்கம் 1.75 என்று வந்தால், வித்தியாசம் 0.65, அதில் பாதி 0.32 சொச்சம். பள்ளம் நடுவிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது. படம் நேராக எடுக்கப்பட வேண்டும், சாய்த்து எடுத்தால் ப்ரைமர் முட்டையாகத் தெரியும், அதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

வெர்னியரின் உண்மையான பயன் வேறிடத்தில். எக்ஸ்ட்ராக்டர் வலப்பக்கமிருந்து கேஸை இடப்பக்கம் தள்ளுகிறது. சேம்பரில் இடம் இருந்தால் கேஸ் இடப்பக்கம் ஒதுங்கும், பின் அதே இடத்தில் அடிக்கும், பள்ளம் ப்ரைமரில் வலப்பக்கமாக, அதாவது எக்ஸ்ட்ராக்டர் கீறல் பக்கமாகத் தெரியும். மூன்று மணி ஒதுக்கத்துக்கு இதுவே வழக்கமான விளக்கம், மெக்கானிக்குகளும் எக்ஸ்ட்ராக்டரைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் எவ்வளவு தள்ள முடியும்? சுடாத தோட்டாவையும் சுட்ட கேஸையும் அடியிலிருந்து 5 மில்லி மேலே அளங்கள். அதற்குக் கீழே பித்தளை கட்டியாக இருப்பதால் விரியாது, அங்கே அளந்து பயனில்லை. சுடாதது 8.50, சுட்டது 8.62 என்றால் கேஸ் சேம்பர் சுவர்வரை விரிந்திருக்கிறது, மொத்த இடைவெளி ஏறக்குறைய 0.12. நடுவிலிருந்து ஒரு பக்கம் ஒதுங்க அதில் பாதி, 0.06 தான் உண்டு. பள்ளம் 0.32 விலகியிருக்கும்போது எக்ஸ்ட்ராக்டர் மேல் பழி போட்டு அதை வளைக்கச் சொன்னால், ஒரு நல்ல பாகத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

மேல், கீழ் திசைக்கும் இதே போலப் பாருங்கள். பன்னிரண்டு மணிப் பக்கம் ஒதுக்கம் என்றால் ஸ்லைடு மேலே எழும்புகிறது அல்லது கேஸ் தாழ்ந்து நிற்கிறது. ஸ்லைடை மேலும் கீழும் அசைத்தால் எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஆழமில்லாத பள்ளத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ப்ளோபேக்கில் ஸ்லைடு முழுதாக மூடாமல் நின்றாலும் அது நேர்கோட்டிலேயே நிற்பதால் பள்ளத்தின் இடம் அவ்வளவாக மாறாது, ஆழம்தான் குறையும். நடுத் தவறுவது ஒரு கோளாறு, ஆழம் குறைவது இன்னொரு கோளாறு. இரண்டும் சேர்ந்து வரலாம், மருந்து வேறு.

எவ்வளவு விலகினால் கவலைப்பட வேண்டும்? பள்ளம் முழுதும் ப்ரைமருக்குள் இருந்து, ஆழம் நன்றாக இருந்து, ஒவ்வொரு தோட்டாவும் முதல் குத்திலேயே வெடித்தால் அந்த பிஸ்டலை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய பிஸ்டல்களில் இலேசான ஒதுக்கம் பிறவியிலேயே உண்டு. பள்ளத்தின் விளிம்பு ப்ரைமர் விளிம்பை நெருங்கினாலோ, இடையிடையே வெடிக்காமல் போனாலோ, மாதங்களில் ஒதுக்கம் கூடிக்கொண்டே வந்தாலோ அது வேலைக்கு அனுப்ப வேண்டிய துப்பாக்கி. வெடிக்காத தோட்டாவுக்கு, குழலைப் பாதுகாப்பான திசையில் 30 விநாடி பிடித்திருந்து பிறகே ஸ்லைடைத் திறக்க வேண்டும், தாமதமாக வெடிப்பது உண்டு.

கழுவும் சாமான்

டெல்டாவில் நடுத் தவறுதலுக்கும் வால் கீறலுக்கும் பெரிய காரணம் தேய்மானத்தைவிட எண்ணெய் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கும், நாகப்பட்டினம் பக்கம் உப்பும் சேரும். துரு பிடிக்கும் என்று பயந்து எண்ணெயை ஊற்றுகிறார்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் பின் ஓடும் துளைக்குள் போனால் மாதங்களில் பிசினாகிவிடும். பின் தயங்கி முன்னே போகும், தயங்கித் திரும்பும். தேர்தல் சமயத்தில் இது இன்னும் மோசம். 2024-இல் மார்ச் 16 அறிவிப்பிலிருந்து ஜூன் 4 ஓட்டு எண்ணிக்கையையும் தாண்டி ஜூன் 6 வரைக்கும் நடத்தை விதி அமலில் இருந்தது, அந்தக் காலம் பூராவும் பல துப்பாக்கிகள் காவல் நிலையத்தில்தான். ஒப்படைக்கும் முன் எண்ணெய் முக்கி, தோல் உறையிலேயே வைத்துக் கொடுத்தவர்களுக்குத் திரும்ப வந்தது பிசினும் துருவும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பிஸ்டலை அதில் நாள்கணக்காக வைக்கக் கூடாது.

ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற துப்பாக்கி கழுவும் திரவம் குழலுக்குள் படியும் மருந்துக்கரிக்கும் செம்புக்கும் நல்லது. நிக்கல் பூச்சுள்ள பழைய பிஸ்டலில் அதை ஊறவிடாதீர்கள், பூச்சின் அடியில் இறங்கி உரிக்கும், துடைத்து உடனே எடுங்கள். பின் துளைக்கு அது வேண்டாம். அங்கே 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பல் இடுக்கு ப்ரஷ்ஷும் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், வாங்காதீர்கள். கழுவிய பின் துளை உலர்ந்தே இருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. வெளி இரும்புக்கு பாலிஸ்டால் என்ற ஜெர்மன் எண்ணெய் மெல்லியதாகத் தடவலாம், 1904-இலிருந்து வருகிற சரக்கு, வாசனை சிலருக்குப் பிடிக்காது, துரு காக்கும் குணம் நம்பகமானது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் தடவலாம். மண்ணெண்ணெய் கழுவத்தான், காத்து வைக்க அல்ல, அது காய்ந்ததும் இரும்பு வெறுமையாகிவிடும். டபிள்யூடி-40 பின் துளைக்குள்ளும், தோட்டா வைக்கும் இடத்துக்கு அருகிலும் தெளிக்கக் கூடாது.

பெட்டிக்குள் ஆரஞ்சு சிலிகா ஜெல் இரண்டு பொட்டலம், நிறம் மாறினால் சூட்டில் காய வைத்துத் திரும்பப் போடலாம். மழைக் காலத்தில் மாதம் ஒரு முறை நிறம் பாருங்கள்.

பித்தளைப் பஞ்ச்

எந்தப் பாகத்தையும் இரும்புப் பஞ்ச்சால் (தட்டிக் கழற்றும் கம்பி) தட்டாதீர்கள். 3 மில்லி பித்தளைக் கம்பி போதும். நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைகளில் கடைசல் முடிந்த துண்டுகள் கிடைத்தால் வாங்கி நுனியைத் தட்டையாக்கிக்கொள்ளலாம், கடையில் விற்கும் செட்டைவிடக் குறைந்த செலவு, வேலை ஒன்றே.

மெக்கானிக்

பின் துளை அகன்றிருந்தாலும், பின் நுனி உடைந்திருந்தாலும் வீட்டுவேலை முடிந்தது. அகன்ற துளைக்குச் சரியான தீர்வு பிரீச் முகத்தில் (கேஸின் அடி வந்து சாயும் ஸ்லைடின் உள்முகம்) புஷ் என்ற சிறு உலோகச் செருகு போட்டுப் புதிதாகத் துளையிடுவது, அதற்கு லேத்தும் பிரீச் முகத்தைச் செங்குத்தாகப் பிடிக்கும் ஜிக்கும் வேண்டும். திருச்சி துவாக்குடிப் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, ஆனால் துப்பாக்கிப் பாகம் கடையக் கொடுக்கக் கூடாது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5-இன்படி தயாரிப்பு, பழுதுபார்ப்பு, சோதனை எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும், பாகமும் ஆயுதமாகவே கருதப்படும். சட்டத்தை விடுங்கள், உலோகக் காரணமும் உண்டு: மென்மையான கம்பியில் கடைந்து, டெம்பர் (இரும்பின் கடினம்) தெரியாமல் போட்ட பின்னின் நுனி காளான்போல் விரிந்து துளையில் சிக்கிக்கொள்ளும். முன்னே நீட்டிக்கொண்டு சிக்கிய பின்னோடு ஸ்லைடு மூடினால் ட்ரிகர் இழுக்காமலே தோட்டா வெடிக்கலாம். அந்த ஒரு அபாயத்துக்காகவே இந்த வேலையை உரிமம் பெற்ற கடைக்கு அனுப்ப வேண்டும்.

போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: உரிமப் புத்தகம், தோட்டா இல்லாத பிஸ்டல், மேகசின், வரிசை எண் போட்ட 10 கேஸ்கள், திசையும் விலகலும் எழுதிய தாள், மூன்று நிலை டம்மிச் சோதனையின் முடிவு. கேட்க வேண்டியவை: ஸ்லைடு ஆட்டத்தை அளந்து சொல்வீர்களா, பிரீச் முகத்தைப் பார்த்த பிறகு பின் மாற்ற முடிவு செய்வீர்களா, அசல் பின்னைத் திருப்பிக் கொடுப்பீர்களா, வேலைக்குப் பின் எத்தனை தோட்டா சுட்டுக் காட்டுவீர்கள். கேஸ்களை லூப் வைத்துக்கூடப் பார்க்காமல், கையில் வாங்கியவுடன் பின் மாற்ற ரேட் சொல்லும் இடத்தில் பிஸ்டலை விடாதீர்கள். பிரீச் முகத்தில் அரத்தைக் கொண்டு போகிறவரிடம் ஒருபோதும் விடாதீர்கள், அங்கே எடுத்த இரும்பைத் திரும்பப் போட முடியாது, சேம்பர் இடைவெளி கூடி கேஸ் பிளக்கும்.

வாங்கும் வரிசை இதுதான்: லூப், மார்க்கர், ஆல்கஹால், டம்மி, பிறகு வெர்னியர். முதல் மூன்றையும் வாங்கித் துளையைக் கழுவி, பத்து கேஸ்களைப் பார்த்த பிறகும் ஒதுக்கம் ஒரே திசையில் நின்றால் மட்டும் டம்மிக்கும் வெர்னியருக்கும் செலவழியுங்கள்.